பேலியகொடை நுளம்பும் புதிய புரதங்களின் பிறப்பும்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை யார் நினைவில் நிறுவப்பட்டதோ அந்த ஆசிரியர், கூர்ப்பைப் படிப்பிக்கும்போது கலாபகசுத் தீவுக் குருவிகளோடு நின்றுவிடக் கூடாது என்பார். அவர் சொன்னபடியே இன்று நம் வீட்டுப் பின்புற வடிகாலுக்குப் போவோம்.

யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் நுளம்பு அழுக்கு நீரில் முட்டையிடும். களனி கங்கையின் ஓரத்தில், கொழும்பை ஒட்டியுள்ள பேலியகொடையில் பிடிக்கப்பட்ட இந்த நுளம்புகளிலிருந்து வளர்க்கப்பட்ட ஓர் இனவழி, ஊர்ப் பெயரின் முதலெழுத்துகளால் ‘பெல்’ என்றே ஆய்வுலகில் அறியப்படுகிறது. மலத்தியோன் வகைப் பூச்சிகொல்லிகள் நரம்பில் வேலை செய்யும் ஒரு நொதியத்தை முடக்கிக் கொல்பவை. பெல் நுளம்புகளில் சில அந்த மருந்தைத் தாங்கின. எப்படித் தாங்கின என்பதை 1990களில் விளக்கியவர்களில் இருவர் இங்கிலாந்தின் ஜனற் ஹெமிங்வேயும், நமது பேராதனை விலங்கியல் துறையின் பேராசிரியர் கருணாரத்னவும். இந்த வளாகத்துக்கு இது பெருமை. ஆனால் நமது மாணவர் பலருக்கு இது தெரியாமலிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அவர்கள் கண்டது இது. மருந்துக்கு மடியும் நுளம்பிலும் எஸ்தரேசு என்ற நொதியம் உண்டு. மருந்தைத் தாங்கும் நுளம்பிலும் உண்டு. பெரிய வேறுபாடு அளவில். தாங்கும் நுளம்பில் அருகருகே உள்ள இரண்டு எஸ்தரேசு மரபணுக்கள் ஒரே துண்டாகச் சேர்ந்து பலமுறை பிரதியாகியிருந்தன. பிரதி கூடக் கூட நொதியமும் கூடியது. இந்த நொதியம் மருந்தைச் சட்டெனப் பற்றிக்கொள்ளும். ஆனால் மிக மெதுவாகவே சிதைக்கும். ஒரு மூலக்கூறு மருந்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கிடப்பதால் ஏராளமான மூலக்கூறுகள் வேண்டும். அதற்குத்தான் இத்தனை பிரதிகள். கலிபோர்னியாவின் கியூலெக்ஸ் ஒன்றில் இத்தகைய மரபணு குறைந்தது 250 மடங்கு பெருகியிருந்ததை 1986ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார்கள்.

வியப்பு இதோடு முடியவில்லை. வெவ்வேறு கண்டங்களின் நுளம்புகளில் ஒரே வகைப் பிரதித் துண்டு இருப்பதை 1991இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எங்கோ ஓரிடத்தில் ஒருமுறை நேர்ந்த பெருக்கம் நுளம்போடு நுளம்பாக உலகைச் சுற்றியிருக்கிறது. அது நிலைபெற மனிதர் தெளித்த மருந்தே வழி செய்தது.

கூர்ப்பில் மரபணுப் பிரதியின் முக்கியத்துவத்தை 1930களிலேயே மரபியலாளர் ஹோல்டேன் உணர்ந்திருந்தார். 1970இல் சுசுமு ஓனோ இதை ஒரு நூலாகவே எழுதினார். ஒரேயொரு மூட்டை விதைநெல் வைத்திருக்கும் உழவர் புதிதாக எதையும் பரீட்சித்துப் பார்க்கத் துணியமாட்டார். இரண்டாவது மூட்டை இருந்தால் துணிவார். மரபணுவும் அப்படியே. மூலப் பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொள்ள, மற்றது விகாரங்களைத் தாங்கலாம். பெரும்பாலானவை பழுதாகிப் போகும். அரிதாக ஒன்று புது வேலைக்கு வரும்.

அவுஸ்திரேலியச் செம்மறிகளைத் தாக்கும் ஈயைப் பாருங்கள். அதன் எஸ்தரேசு ஒன்றில் 137ஆம் இடத்து கிளைசீனுக்குப் பதிலாக அஸ்பார்ற்றிக் அமிலம் வந்தது. ஒரே ஓர் அமினோ அமில மாற்றம்! மருந்தால் முடக்கப்பட்ட நொதியம் மருந்தையே நீர்ப்பகுக்கத் தொடங்கியது. ஆனால் தன் பழைய தொழிலை இழந்தது. 1997இல் இது வெளியானது. பின்னர், வெவ்வேறு மாற்றங்களைக் கொண்ட இரு பிரதிகளை ஒன்றாகச் சுமக்கும் ஈக்களும் கண்டறியப்பட்டன. ஓனோ சொன்ன பாதையில் நம் காலத்திலேயே ஓர் உயிர் நடந்துகொண்டிருக்கிறது. கூர்ப்பு கோடிக்கணக்கான ஆண்டுகளின் பழங்கதை என்று எண்ணுவோருக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இலங்கை நுளம்புக்கே திரும்புகிறேன். 2000ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இந்நாட்டில் பிடித்த கியூலெக்ஸ் நுளம்புகளைப் பற்றியது. கருணாரத்னவும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். எஸ்தரேசு மிகுந்த நுளம்புகளில் யானைக்கால் புழு குறைவாகவே காணப்பட்டது என்பது அதன் முடிவு. மருந்திலிருந்து தப்ப வந்த பெருக்கம் ஒட்டுண்ணியின் வாழ்வையும் பாதித்துவிட்டது. மரபணு ஒன்று மாறும்போது அதன் விளைவு எங்கெல்லாம் போய்த் தொடும் என்பதை யாரும் முன்கூட்டி வரைந்துவைக்கவில்லை.

2016இல் மலேரியா அற்ற நாடென்ற சான்றை உலக சுகாதார நிறுவனத்திடம் பெற்றோம். அதே ஆண்டில் யானைக்கால் நோயும் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமற்போனது. ஆனால் அடுத்த ஆண்டே, நுளம்பு பரப்பும் இன்னொரு நோயான டெங்கு 186,000 பேருக்கு மேற்பட்டோரைத் தாக்கியது. புகை அடிக்கும் முன், அந்த ஊர் நுளம்பு எந்த மருந்தைத் தாங்குகிறது என்று சோதித்தறியுங்கள் என்று சுகாதார அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். மாணவர்களே, அந்தச் சோதனையைச் செய்ய வேண்டியவர்கள் நீங்கள். கண்டி மாநகரின் வடிகால்களிலிருந்து குடம்பிகளைச் சேர்த்து இந்தத் துறையின் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவாருங்கள்.