தவழும் முன்னே பாடம் வரட்டும்

'புதிய தாய்மார்களுக்கு இணையம் வழி வீட்டுப் பாதுகாப்புக் கல்வி' என்னும் தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை.



வழக்கமாக இந்த அரங்கில் நான் கேள்வி கேட்கிற நாற்காலியில் அமர்ந்திருப்பேன். இன்று பதில் சொல்கிற இடத்தில் நிறுத்தி விட்டார்கள். நான் மருத்துவரும் அல்ல, தாதியும் அல்ல. பொதுத்தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்து விட்டு, பிறர் எழுதிக் கொடுத்ததைத் தெளிவாக வாசிக்கக் கற்றுக் கொண்டவள். பிறகு ஏன் இந்தத் தலைப்பில் பேச வந்தாய் என்று கேட்டால், அதற்குக் காரணம் என் மகளின் இடது கை.

அவளுக்கு அப்போது 11 மாதம். ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டுக்கு விருந்தினர் வந்திருந்தார்கள். விருந்தினர் வருகிறார்களே என்று மேசைக்கு நல்ல விரிப்பாக எடுத்துப் போட்டிருந்தேன். கோப்பி கலக்கிக் கொண்டு வந்து வைத்து விட்டு, பிஸ்கட் தட்டை எடுக்க உள்ளே திரும்பினேன். அவ்வளவுதான். விரிப்பின் நுனியைப் பிடித்து எழுந்து நின்றிருக்கிறாள். கோப்பி முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொட்டி விட்டது. என் மாமியார் பதறி ஓடி வந்து பற்பசையை எடுத்துத் தடவினார். மருத்துவமனையில் முதலில் அந்தப் பற்பசையைத்தான் கழுவி எடுக்க வேண்டியிருந்தது. குழந்தை அலறியதை இப்போதும் என்னால் விவரிக்க முடியாது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அதற்கு இரண்டு மாதம் முன்புதான் "சிறு குழந்தை உள்ள வீட்டில் மேசை விரிப்பு வேண்டாம், சுட்ட இடத்தில் பற்பசை, எண்ணெய், சோயா சாஸ் எதையும் தடவாதீர்கள், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்" என்று நானே கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி சொல்லியிருந்தேன். ஊருக்கெல்லாம் சொன்னேன். என் வீட்டில் சொல்லவில்லை. எனக்கே அது மனதில் தங்கவும் இல்லை, ஏனென்றால் அப்போது என் மகள் எழுந்து நிற்கத் தொடங்கவில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

நம் நாட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பிள்ளை பெற்றவளைப் பார்க்க அரசாங்க கிளினிக்கிலிருந்து தாதி வீட்டுக்கே வருவார். தொப்புள் காய்ந்து விட்டதா, மஞ்சள் காமாலை இருக்கிறதா, தாய்க்குத் தையல் ஆறுகிறதா என்று பார்ப்பார். அந்தத் தாதியர்களுக்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் அவர்கள் வருவது பச்சை உடம்புக் காலத்தில். அப்போது குழந்தை வைத்த இடத்தில் கிடக்கும். தாய்க்குத் தூக்கமில்லை, பால் கொடுப்பதும் துணி மாற்றுவதுமே உலகம். அந்த நேரத்தில் "அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்குங்கள்" என்றால் எந்தக் காதில் ஏறும்? குழந்தை புரண்டு, தவழ்ந்து, நின்று, ஏறத் தொடங்கும்போது தாதியின் வருகை முடிந்திருக்கும். ஊசி போடும் நாளில் கிளினிக்குக்குப் போகிறோம். அங்கே வரிசை, எடை, ஊசி, அழுகை, காய்ச்சல் மருந்து. வீட்டைப் பற்றிப் பேச நேரம் ஏது?

இந்த இடைவெளியில்தான் இணையம் உதவ முடியும் என்று நான் நம்புகிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டுகிற இரண்டு மணி நேரப் பேச்சு உதவாது. குழந்தை அடுத்து எதைச் செய்யப் போகிறதோ, அதற்கு ஒரு மாதம் முன்னால் தாயின் கைப்பேசிக்கு இரண்டு நிமிடப் பாடம் ஒன்று வந்து சேர வேண்டும். மூன்றாம் மாதத்தில் "இனி கட்டிலில் தனியே விட்டுப் போகாதீர்கள், புரளப் போகிறாள்." ஐந்தாம் மாதத்தில் தரையைப் பற்றி. எட்டாம் மாதத்தில் மேசை விரிப்பைப் பற்றி. எனக்கு அது எட்டாம் மாதத்தில் வந்திருந்தால், என் பிள்ளையின் கையில் தழும்பு இருந்திருக்காது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விரிப்பை எடுக்கும்போது கை ஒரு கணம் தயங்கியிருக்கும்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, புதிதாகப் பிள்ளை பெற்ற என் தோழியர் சிலர் தாயும் இல்லாமல் அத்தையும் இல்லாமல் வீட்டில் அடைபட்டுக் கிடந்தார்கள். பணி ஓய்வு பெற்ற தாதி ஒருவர், எங்கள் குடும்ப நண்பர், வாரம் ஒரு முறை கைப்பேசி வழி அவர்களிடம் பேச ஒப்புக் கொண்டார். ஒன்பது தாய்மார்கள். எனக்கு வேலை, வழக்கம் போல, அறிவிப்பாளர் வேலை.

முதல் வகுப்பில் அவர் எங்களுக்குப் பாடமே நடத்தவில்லை. "எல்லாரும் கைப்பேசியைத் தரையில் வைங்கம்மா. குழந்தை கண்ணு இருக்கிற உயரத்திலே வீட்டைச் சுத்திக் காட்டுங்க" என்றார். ஒருவருக்கொருவர் கூச்சம். வீடு கூட்டவில்லையே என்று ஒருத்தி. ஆனால் காட்டினோம். அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் கண்டதை எந்தச் சுவரொட்டியும் எங்களுக்குக் காட்டியதில்லை.

ஒரு வீட்டில் சாமி மேடையின் கீழ்த்தட்டில் கற்பூர டப்பா, மூடி இல்லாமல். வெள்ளை வெள்ளையாக மிட்டாய் போலத்தான் இருக்கிறது. கற்பூரத்தைச் சிறிதளவு விழுங்கினாலே சிறு குழந்தைக்குச் சில நிமிடங்களில் வலிப்பு வந்து விடலாம் என்று அந்த அம்மா சொன்னபோது எங்களில் பாதிப் பேர் எழுந்து போய்த் தங்கள் டப்பாவைப் பார்த்து விட்டு வந்தோம். இன்னொரு வீட்டில் துணி அலமாரியில் பூச்சி உருண்டை. இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று இரத்தம் சோதிக்கிறார்கள். குறைபாடு உள்ள பிள்ளைக்கு அந்த உருண்டையின் நெடியே ஆகாது, இரத்த அணுக்கள் உடையும். அது மருத்துவமனையில் சொல்லப்பட்டிருக்கும். பிரசவக் களைப்பில் யார் கேட்டது? தைலப் புட்டி எல்லா வீட்டிலும் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. விண்டர்கிரீன் தைலம் ஒரு தேக்கரண்டி, ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கு மேல் விழுங்குவதற்குச் சமம். என் வீட்டுச் சோபாவுக்கு அடியில் பொத்தான் போன்ற சிறு பேட்டரி ஒன்று கிடந்தது. உணவுக் குழாயில் அது சிக்கிக் கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துப் புண்ணாக்கி விடும். விழுங்கியது சந்தேகம் என்றாலும் உடனே மருத்துவமனைதான். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. நச்சுப் பொருள் பற்றிய ஐயங்களுக்குப் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் 1994 முதல் இருக்கிறது. அதன் எண்ணைக் கைப்பேசியில் ஏற்றி வைத்துக் கொள்ளுங்கள். மூச்சுத் திணறலோ வலிப்போ என்றால் 999.

தண்ணீரைப் பற்றி அவர் ஒரு வகுப்பு முழுவதும் பேசினார். சிலாங்கூர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைக்கச் சிரமமில்லை. 2014-இல் பங்கீடு, 2020 செப்டம்பரில் ஆற்றில் துர்நாற்றம் என்று எத்தனை முறை நீர் விநியோகத் தடையைப் பார்த்து விட்டோம்! குழாய் நிற்கப் போகிறது என்றதும் வாளி, பீப்பாய், அண்டா எல்லாவற்றையும் நிரப்பிக் குளியலறையில் வைக்கிறோம். தவழும் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். எட்டிப் பார்த்தால் தலைகீழாக விழும்; தானாக எழ முடியாது. மூழ்குவதற்கு 5 சென்டிமீட்டர் தண்ணீர் போதும். சத்தமும் கேட்காது. ஆகவே தண்ணீர் சேமிக்கும் நாளில் மூடி போடுங்கள், குளியலறைக் கதவுக்கு வெளியே மேல் தாழ்ப்பாள் போடுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுக்காதீர்கள், இந்தப் பாதுகாப்புப் பாடம் பார்ப்பதற்காகக்கூட!

வாக்கரைப் பற்றிச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். முதல் பேரப்பிள்ளைக்குத் தாத்தா ஆசையாக வாங்கித் தருவது அது. ஒரு நொடியில் ஒரு மீட்டருக்கு மேல் ஓடி விடும். நாம் "ஏய்" என்பதற்குள் படிக்கட்டு. கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்து விட்டார்கள். தாத்தா மனம் நோகுமே என்றால், வாங்கித் தந்ததற்கு நன்றி சொல்லி, சக்கரத்தைக் கழற்றி விடுங்கள்.

ஸ்பிரிங் தொட்டில் விஷயத்தில் நானே பழமைவாதி. அதில்தான் நான் வளர்ந்தேன், என் மகளும் தூங்கினாள். அதைத் தூக்கி எறியச் சொன்னால் நம் வீடுகளில் யாரும் கேட்கப் போவதில்லை. தாதியம்மா அதைப் புரிந்து கொண்டவர். கொக்கியையும் கம்பியையும் வாரம் ஒரு முறை பாருங்கள், தரைக்கு அருகில் தாழக் கட்டுங்கள், அடியில் மெத்தை போடுங்கள், அண்ணன்காரனை ஆட்ட விடாதீர்கள், புரளத் தொடங்கிய பிள்ளையை அதில் போடாதீர்கள் என்றார். அதை எல்லாரும் கேட்டோம்.

ஆனால் இணையம் வழி எல்லாம் நடந்து விடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்துக் கொண்டால், முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்தி, முதுகில் ஐந்து தட்டு, பிறகு திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்து என்பது முறை. அதைக் காணொளியில் பத்து முறை பார்த்தேன். பொம்மையைக் கையில் கொடுத்தபோது எனக்கு வரவில்லை. செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் அம்புலன்சும் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. ஒரு நாள் அங்கே போய்த்தான் கற்க வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. கைப்பேசியில் நம்மைத் தேடி வருவதெல்லாம் நல்ல பாடமா? தீக்காயத்துக்கு முட்டை வெள்ளைக்கருவைத் தடவச் சொல்லும் காணொளியும் தமிழில்தான் வருகிறது, நல்ல பின்னணி இசையோடு. இப்படிப்பட்டவை தமிழில் கிடைக்கும்போது, சரியான தகவல் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால், வீட்டில் பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக் கொள்ளும் பாட்டி எதை நம்புவார்? அதனால்தான் சுகாதார அமைச்சிலிருந்து வந்திருக்கும் நண்பர்களிடம் இந்த மேடையில் நான் கேட்டுக் கொள்வது ஒன்றே. பாடம் தமிழிலும் வரட்டும், ஒலிவடிவிலும் வரட்டும், தாய்க்கு மட்டுமன்றிப் பாட்டிக்கும் வரட்டும். கணவர் கைப்பேசியை வேலைக்கு எடுத்துப் போய் விடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு இரவு எட்டு மணிக்கு மேல் அனுப்புங்கள்.

என் மாமியாரிடம் அந்தப் பற்பசையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச எனக்குத் தகுதியும் இல்லை. இரண்டு மாதம் கழித்து, வகுப்பு நடக்கும்போது அவர் என் பின்னால் வந்து நின்றார். "அத்தை, உட்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். தாதியம்மா தீக்காயத்தைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தார். "எங்க காலத்திலே யாரும் சொல்லலையே, தாதியம்மா" என்று திரையைப் பார்த்துச் சொன்னார் அத்தை. "சொல்லாதது எங்க தப்புங்க அக்கா" என்றார் அவர்.

இப்போது என் கொழுந்தனார் வீட்டில் ஐந்து மாதக் குழந்தை. போன வாரம் அத்தை அங்கே போயிருந்தார். முழங்கால் வலியோடு தரையில் மண்டியிட்டுச் சோபாவுக்கு அடியில் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தாராம். இரண்டு வேர்க்கடலையும் ஒரு தோட்டுத் திருகாணியும் கிடைத்ததாக எனக்கு அழைத்துச் சொன்னார்.