இரவல் துப்பாக்கி

(ஓசூர் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் யுத்தத்தைப் பற்றியது. "சுயமரியாதைக்காரனுக்கு யுத்தத்தைப் பற்றி என்ன பேச்சு? சாமியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேசிவிட்டுப் போவதுதானே!" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சாமியும் சாதியும் எந்தக் குருட்டு நம்பிக்கையின் மேல் நிற்கின்றனவோ, அதே நம்பிக்கையின் மேல்தான் இக்காலத்து யுத்தங்களில் பலவும் நடக்கின்றன என்பது என் அபிப்பிராயம். அது சரியா தப்பா என்பதை நான் சொல்லி முடித்த பிறகு நீங்கள் யோசித்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு சர்க்கார் தன் எதிரியோடு நேருக்கு நேர் சண்டை போட இஷ்டப்படாமல், வேறொரு கூட்டத்தாருக்குத் துப்பாக்கியும் பணமும் பயிற்சியும் கொடுத்துச் சண்டை போடும்படி செய்கிறது. சாகிறவன் ஒருவன், லாபம் பார்க்கிறவன் வேறொருவன். இதைத்தான் இரவல் துப்பாக்கி என்று சொல்லுகிறேன். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை உங்களுக்குத் தெரியும். சேலைக்காரி கேட்டால் அவிழ்த்துக் கொடுக்கத்தான் வேண்டும். துப்பாக்கியின் கதையும் அதுதான். ஆனால் இங்கே போவது மானம் மட்டுமல்ல, உயிரும் போகும்.

நம் ஊர்க் கோட்டைகள் சொல்லும் சங்கதி

இது தூர தேசத்துச் சமாச்சாரம் என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்தப் பூமியே இதற்குச் சாட்சி. 1767-ம் வருஷம் வெள்ளைக்காரக் கம்பெனியும் ஐதராபாத் நைசாமும் சேர்ந்துகொண்டு மைசூர் ஹைதர் அலியின் மேல் படையெடுத்தார்கள். மராட்டியரும் ஹைதர் மேல் வந்தார்கள். ஹைதர் பணம் கொடுத்து அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்புறம் நைசாமே கம்பெனியை விட்டுவிட்டு ஹைதர் பக்கம் சேர்ந்துகொண்டார். இருவருமாகச் சேர்ந்து காவேரிப்பட்டணத்திலும் செங்கத்திலும் கம்பெனியோடு சண்டை போட்டார்கள். அடுத்த வருஷமே நைசாம் ஹைதரை விட்டுவிட்டுக் கம்பெனியோடு மறுபடியும் சமாதானம் செய்துகொண்டார்! இதற்குப் பெயர் நேசமாம்!

1769-ல் ஹைதரும் கம்பெனியும், ஒருவருக்கு ஆபத்து வந்தால் மற்றவர் உதவுவது என்று உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள். ஆனால் மராட்டியர் ஹைதரைத் தாக்கியபோது கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

பிறகு 1790-ல் கம்பெனி, நைசாம், மராட்டியப் பேஷ்வா மூவரும் திப்புவுக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்தார்கள். 1791-ல் ஓசூரும் இராயக்கோட்டையும் கம்பெனி கைக்குப் போயின. அதே வருஷம் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின் மேல் ஏறப் பார்த்துத் தோற்றுத் திரும்பினார்கள். 1792 உடன்படிக்கையில் பாராமகால் முழுவதும் கம்பெனிக்குச் சொந்தமாயிற்று. 1799-ல் திப்பு மடிந்த பிறகு ஓசூர்ப் பக்கமும் சேர்ந்தது.

கூட்டாளிகளின் கதி என்ன ஆயிற்று? 1795-ல் மராட்டியர் நைசாமின் மேல் பாய்ந்தபோது கம்பெனி நைசாமுக்கு உதவ மறுத்துவிட்டது. 1800-ல் நைசாம், மைசூர் யுத்தங்களில் தனக்குக் கிடைத்த ஜில்லாக்களையெல்லாம் கம்பெனிப் படைக்குச் சம்பளமாகக் கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்தார். 1818-ல் பேஷ்வா பட்டமே ஒழிந்தது. ஆக, மூன்று பேர் கூடிச் செய்த யுத்தத்தில் ஒருவன்தான் மிஞ்சினான்.

நைசாமும் பேஷ்வாவும் எப்படிப் போனால் நமக்கென்ன? கம்பெனிப் பட்டாளத்தில் சிப்பாய்களாயிருந்து செத்தவர்களில் பெரும்பாலோர் இந்தத் தமிழ், தெலுங்கு ஜில்லாக்களின் பிள்ளைகள். எதிரே நின்று செத்தவர்களும் இந்த நாட்டுப் பிள்ளைகளே. "யுத்தம் செய்யலாமா?" என்று அவர்களை யார் கேட்டார்கள்? உடன்படிக்கையில் அவர்கள் கையெழுத்து எங்கே இருக்கிறது?

கடலுக்கு அப்பால் நடந்தது

இனி நம் காலத்துக்கு வருவோம். இலங்கையில் தமிழனுக்குக் குறை இருந்தது உண்மை. 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் செய்தார்கள். பிறகு சர்வகலாசாலைப் படிப்பில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தடை வைத்தார்கள். 1983 ஜூலையில் தமிழர்களை வீடு புகுந்து கொன்றார்கள். இவ்வளவும் நடந்த பிறகு இளைஞர்கள் ஆத்திரப்பட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அந்த ஆத்திரத்தை இந்திய சர்க்கார் என்ன செய்தது? தன் உளவு இலாகாவின் மூலம் பல குழுக்களுக்குத் தனித்தனியே ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது. நமக்குப் பக்கத்துச் சேலம் ஜில்லாவில், கொளத்தூர்ப் பக்கத்திலேயே புலிகளின் பயிற்சி முகாம் நடந்தது. தமிழ்நாட்டுத் தலைவர்களும் ஆளுக்கொரு குழுவை ஆதரித்தார்கள். ஒரே ஜனங்களுக்காகப் போராடுகிறவர்களுக்கு எதற்காகத் தனித்தனிப் பயிற்சி? ஒருவனே பெரியவனாகிவிட்டால் கைக்கு அடங்கமாட்டான் என்ற கணக்கைத் தவிர வேறு என்ன காரணம் சொல்ல முடியும்?

பலன் என்ன ஆயிற்று? 1985-ல் நான்கு குழுக்கள் ஒரே முன்னணியில் இருந்தன. 1986-ல் புலிகள் டெலோவைச் சுட்டு ஒழித்தார்கள். அந்த வருஷ முடிவுக்குள் ஈ.பி.ஆர்.எல்.எப். மீதும் பாய்ந்தார்கள். சிங்கள சிப்பாயைச் சுடக் கொடுத்த துப்பாக்கி தமிழனைச் சுட்டது.

1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் உடன்படிக்கை செய்தார்கள். அதில் எந்தத் தமிழ்க் குழுவின் கையெழுத்தும் இல்லை. அதோடு கைமாறிய கடிதங்களில், திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குக் கெடுதலாக வேறு நாட்டுப் பட்டாளத்துக்குக் கொடுக்கக்கூடாது என்றும், அந்நிய வானொலி நிலையங்களைப் பற்றி மறுபரிசீலனை செய்வது என்றும் கண்டிருந்தது. பார்த்தீர்களா? தமிழன் ரத்தம் சிந்தினான். கடிதத்தில் துறைமுகமும் வானொலியும் இருந்தன!

அந்த வருஷம் அக்டோபரில், பயிற்சி கொடுத்த இந்தியப் பட்டாளமும் பயிற்சி பெற்ற புலிகளும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அக்டோபர் 21-ல் யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் இந்தியச் சிப்பாய்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்தியச் சிப்பாய்களிலும் சுமார் 1,200 பேர் அந்தத் தீவில் மாண்டார்கள்.

இதைவிட விசித்திரம் கேளுங்கள். 1989-ல் சிங்கள ஜனாதிபதி பிரேமதாசா, இந்தியப் பட்டாளத்தை வெளியேற்றுவதற்காக அதே புலிகளுக்கு இரகசியமாக ஆயுதம் கொடுத்தார். மறுபக்கத்தில் இந்தியப் பட்டாளத்தின் நிழலில் தெருவில் போன தமிழ்ப் பிள்ளைகளைப் பிடித்துத் "தமிழ்த் தேசிய இராணுவம்" என்று ஒன்று சேர்த்தார்கள். 1990 மார்ச்சில் இந்தியப் பட்டாளம் கப்பலேறிவிட்டது. அந்தப் பிள்ளைகளை யார் கப்பலேற்றினார்கள்? அவர்களில் எத்தனையோ பேர் புலிகளின் கையில் மாண்டார்கள். ஆயுதம் கொடுத்த பிரேமதாசாவும் தப்பவில்லை. 1990 ஜூனிலேயே யுத்தம் மறுபடி மூண்டது. 1993 மே முதல் தேதியில் புலிகளின் குண்டுக்கு அவர் இரையானார். அதற்கு முன்பே 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 2004-ல் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்து போய்ச் சர்க்கார் பக்கம் சாய்ந்தார். 2009 மே மாதத்தில் எல்லாம் முடிந்தது. எண்ணிறந்த ஜனங்கள் கடற்கரையில் மாண்டார்கள்.

உலகம் முழுவதும் இப்படியே. ஆப்கானிஸ்தானத்தில் ருஷ்யாவை விரட்ட அமெரிக்கா பாகிஸ்தான் மூலம் ஆயுதம் கொட்டியது. 1989-ல் ருஷ்யா போனதும், அந்த ஜனங்கள் ஒருவரையொருவர் கொன்றுகொள்ள விடப்பட்டார்கள். சிரியாவில் அமெரிக்காவுக்காக முன்னின்று போராடிய குர்துகளை 2019 அக்டோபரில் எல்லையில் விட்டுவிட்டு அமெரிக்கச் சிப்பாய்கள் விலகினார்கள். துருக்கிப் பட்டாளம் உள்ளே வந்தது.

ஒரு தோழரின் கேள்வி

ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: "அப்படியானால் ஈழத்துத் தமிழன் அடிபட்டுக்கொண்டு சும்மா இருக்கவேண்டுமா? நம் இயக்கத்தார் அவர்களுக்குச் சோறு போட்டதும் இடம் கொடுத்ததும் தப்பா?"

நியாயமான கேள்வி. அடிபட்டு வந்தவனுக்குச் சோறும் இடமும் கொடுப்பது மனிதத் தன்மை. அதை நான் குறை சொல்லவில்லை. அடிக்கிறவனை எதிர்க்க அடிபடுகிறவனுக்கு உரிமை உண்டு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தன் ஜனங்கள் கொடுக்கும் அரிசியையும் காசையும் கொண்டு போராடுகிறவன், அந்த ஜனங்களின் சம்மதத்தைக் கேட்டே ஆகவேண்டும். அவர்கள் "போதும்" என்றால் நிறுத்தவேண்டும். துப்பாக்கியும் பணமும் வெளியிலிருந்து வருமானால் அவனுக்கு ஜனங்களின் சம்மதம் எதற்கு? அவர்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகலாம். கேள்வி கேட்டவர்களைச் சுடலாம். யாழ்ப்பாணத்தில் ராஜினி திரணகம என்ற வைத்தியக் கல்விப் பேராசிரியை, துப்பாக்கி ஏந்திய எல்லாத் தரப்பாரின் கொடுமைகளையும் எழுதி வைத்தார். 1989 செப்டம்பர் 21-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கேள்வி கேட்பதுதானே நம் இயக்கத்தின் உயிர்? கேள்வி கேட்டவரைச் சுடும் துப்பாக்கி எவர் கையில் இருந்தாலும், அதற்குப் பகுத்தறிவுக்காரன் கற்பூரம் காட்டலாமா?

பக்தன் கடவுளைக் கணக்குக் கேட்கமாட்டான், புரோகிதனையும் கேட்கமாட்டான். "அவர் பார்த்துக்கொள்வார்" என்று கும்பிடுவான். அதே பக்தியைத்தான் ஜனங்கள் தலைவனிடத்திலும், காப்பாற்ற வருவதாகச் சொல்லும் அயல் சர்க்காரிடத்திலும் வைத்தார்கள். யாரிடத்தில் கணக்குக் கேட்க முடியாதோ அவன் கடவுளாகிவிடுகிறான்.

மிச்சம் யாருக்கு?

யுத்தம் முடிந்து வருஷங்கள் பல ஆகியும், இந்தக் கிருஷ்ணகிரி ஜில்லாவில் உட்பட, தமிழ்நாட்டில் இலங்கை அகதிகளின் முகாம்கள் இருக்கின்றன. அங்கே பிறந்த பிள்ளைகள் பெரியவர்களாகிக் கல்யாணமும் செய்துகொண்டார்கள். 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் மூன்றிலிருந்தும் வந்த இந்து முதலியவர்களுக்கு வழி செய்தார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்களிலும் பெரும்பாலோர் இந்துக்கள்தானே? அவர்களுக்கு அதில் இடமில்லை. துப்பாக்கி கொடுக்கத் தமிழனைத் தேடிய சர்க்காருக்கு, குடியுரிமை கொடுக்கும்போது அவன் கண்ணில் படவில்லை!

தோழர்களே! நாம் எல்லையில் வாழ்கிறவர்கள். இந்த ஓசூர்த் தொழிற்சாலைகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் ஒரே மெஷினுக்கு முன்னால் நிற்கிறார்கள். 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் கர்நாடகத்தில் தமிழர்களை அடித்து விரட்டினார்கள். 2016 செப்டம்பரில் பெங்களூரில் பஸ்களைக் கொளுத்தினார்கள். இப்பக்கத்திலும் பதிலுக்குப் பதில் என்று பேசினவர்கள் உண்டு. இங்கே துப்பாக்கி இல்லை. கல்லும் நெருப்புக் குச்சியும்தான். ஆனால் முறை ஒன்றே. தூண்டினவன் வீட்டில் இருப்பான், கல் எறிந்தவன் மேல் கேஸ் நடக்கும், அடிபட்டவன் கூலிக்காரனாயிருப்பான், தண்ணீர் ஒரு சொட்டும் கூடி வராது.

ஆகையால், இனத்தின் பேராலோ மொழியின் பேராலோ மதத்தின் பேராலோ உங்கள் கையில் எவன் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும், வாங்குவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். "இதற்குப் பணம் கொடுத்தவன் யார்? நாளைக்குச் சமாதானம் பேசும்போது கையெழுத்துப் போடப்போகிறவன் யார்?" இரண்டுக்கும் உங்கள் பெயர் பதிலாக வராவிட்டால், அந்தச் சண்டை உங்களுடையதல்ல, உங்கள் கை மாத்திரம் இரவலாகப் போகிறது.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசியுங்கள்; சரியென்று பட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்.