சிட்டா இல்லாத உழவர்



2017-ல் திருச்சியிலிருந்து புறப்பட்ட உழவர்கள், அய்யாக்கண்ணு தலைமையில் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளோடு அமர்ந்து கடன் தள்ளுபடி கேட்டார்கள். நியாயமான கோரிக்கை அது, நாம் ஆதரிக்கிறோம். ஆனால் அதற்கு முந்தைய கேள்வி ஒன்றை இந்த நினைவுப் பேருரையில் எழுப்பியாக வேண்டும். கடனே கிடைக்காதவருக்கு எதைத் தள்ளுபடி செய்வது?

2021-ல் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. 16.43 லட்சம் உழவர்களுக்குப் பலன் என்று அறிவித்தது. சங்கப் பேரேட்டில் பெயர் இருந்தவருக்கு அது நிவாரணம். கந்துவட்டிக்கு வாங்கிப் பயிர் வைத்தவருக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை.

அவர் யார் என்று தெரிய ஸ்ரீரங்கம் தீவைப் பார்த்தால் போதும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழையும் நெல்லும் விளைகிற மண். கோயில், மடம், வெளியூர் உடைமையாளர் பெயர்களில் நிலம் இருக்கிறது. நம் தெருக்களிலிருந்து போய்க் குத்தகைக்குப் பயிர் வைக்கிற பலருக்கு வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம். வாழை தார் தள்ளி வெட்ட ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அதுவரை கன்று, உரம், முட்டு, கூலி எல்லாம் கைக்காசு. கூட்டுறவுச் சங்கம் சிட்டாவும் அடங்கலும் கேட்கிறது. சிட்டாவில் இருப்பது உடைமையாளர் பெயர்.

விதியில் இடமில்லையா? இருக்கிறது. 1998-ல் வந்த உழவர் கடன் அட்டைத் திட்டம் வாய்மொழிக் குத்தகைதாரரையும் தகுதியானவர் என்கிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பதிவானால், 1955-ன் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி அவரை எளிதில் வெளியேற்ற முடியாது. அதனால்தான் உடைமையாளர் எழுதித் தர மறுக்கிறார். காகிதம் இல்லையென்றால் கடன் இல்லை. காகிதம் கேட்டால் நிலமே இல்லை.

1918-ல் சிறு நிலவுடைமை பற்றி எழுதிய அண்ணல் அம்பேத்கர், பரப்பை மட்டும் வைத்துப் பண்ணையைச் சிறிது என்று சொல்ல முடியாது, உழவர் கையிலுள்ள மூலதனமும் கருவிகளும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன என்று வாதிட்டார். 1947-ல் சாகுபடிக்கு விதை, உரம், நீர், கருவிகள் வழங்குவதை அரசின் கடமையாகவே முன்வைத்தார். கடனை அவர் சலுகையாகப் பார்க்கவில்லை.

நிலமும் கடனும் ஒரே கேள்வி. 1892-ல் நமக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் கைமாறிப்போனதால்தான் இன்று சிட்டாவில் நம் பெயர் இல்லை. அந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994-ல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள்.

எனவே நம் கோரிக்கைகள் இவை. வயலை நேரில் பார்த்து, பயிர் வைத்தவர் பெயரில் சாகுபடிச் சான்று தர வேண்டும். அதன்மீது கடன் தர வேண்டும். கோயிலும் மடமும் குத்தகைக்கு எழுத்துப்பூர்வமான ரசீது தர வேண்டும். பஞ்சமி நிலத்தை மீட்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்ச் சங்கத்தில் கேளுங்கள்: சொந்த நிலமில்லாத எத்தனை பேருக்குப் பயிர்க்கடன் கொடுத்தீர்கள்? அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? அந்த எண்களோடு ஆட்சியரின் உழவர் குறைதீர் கூட்டத்துக்குப் போவோம்.

ஜெய்பீம்.