555 நோட்டும் ஓட்டும்

(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தொழிலாளர்கள் எதை நினைத்து ஓட்டுப் போடுகிறார்கள் என்று பேசச் சொன்னீர்கள். நாங்கள் அரசியல் படித்தவர்கள் அல்ல. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா வாங்கிவிட்டு, அத்தாவின் மளிகைக் கடைக்கே திரும்பியவர்கள். எங்கள் பாடப்புத்தகம் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் 555 நோட்டுதான்.

சிம்பாங் பூலாயில் கல்லுமலைக் குவாரிக்கும் மார்பிள் ஆலைக்கும் லோரிக்கும் போகிறவர்களின் வீட்டுக் கணக்கு அதில் இருக்கிறது. தேநீர்க் கடையில் எல்லாக் கட்சிக்கும் தலையாட்டுவார்கள். உண்மைக் கவலையை நோட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் முகத்தில் பார்க்கலாம்.

2015 ஏப்ரல் 1ஆம் தேதி 6 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது. அரிசி, சீனி, சமையல் எண்ணெய்க்கு வரி விழவில்லை. ஆண்டு விற்பனை 5 லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடை பதிவு செய்யவும் தேவையில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், பதிவு செய்யாத கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. அது சோப்பு விலையிலும் பிஸ்கட் விலையிலும் ஏறி உட்கார்ந்தது. வாங்க வந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு வாக்குச் சீட்டைப் பார்த்தார்.

2018 மே 9, புதன்கிழமை. சுதந்திரம் முதல் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட கூட்டணி தோற்றது. 1எம்டிபி உட்படக் காரணங்கள் பல. எங்கள் கடை வாசலில் நின்றவர்கள் கோடிகளைப் பற்றிப் பேசவில்லை. பிஸ்கட் விலையைப் பேசினார்கள். ஜூன் 1ஆம் தேதி வரி சுழியமானது. எங்கள் அலமாரியில் விலை இறங்கிய பொருள் கொஞ்சம்தான். “பழைய சரக்கு” என்று சொல்லிச் சமாளித்தோம். அதையும் அவர்கள் கவனித்தார்கள்.

பணக் கவலை எப்போதும் ஒரே பக்கம் சாயாது. 2012இல், மாத வருமானம் 3,000 வெள்ளிக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு 500 வெள்ளி பிரிம் உதவி வந்தது. ஆட்சி மாறினால் அது நின்றுவிடுமோ என்று பயந்து 2013இல் ஓட்டுப் போட்டதாகச் சொன்னவர்களும் எங்கள் நோட்டில் இருந்தார்கள்.

தோட்டத்தில் கவலை வேறு. வேலை போனால் லயத்து வீடும் போகும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்குக் காரணம் அந்த அச்சம்தான். அவருடைய சுங்கை சிப்புட் தொகுதியை 1974 முதல் வைத்திருந்த சாமிவேலு, 2008இல் டாக்டர் ஜெயக்குமாரிடம் தோற்றார். 1999இலும் 2004இலும் அங்கே தோற்றவர் டாக்டர். தோற்ற பிறகும் தோட்டத் தொழிலாளர்களின் வீட்டுப் பிரச்சினைக்காக ஓயாமல் நின்றார்.

இப்போது ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறோம். ஒரு தேர்தலின்போது, “உங்கள் கடன்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்று கேட்டு வந்தார்கள். சொன்னோம். நோட்டில் 180 வெள்ளி பாக்கி இருந்த ஓர் அண்ணனிடம், பாக்கியைப் பற்றிப் பேசிக்கொண்டே சொன்னோம். அவர், “சரி தம்பி” என்றார். சம்பளத்தன்று முழுப் பாக்கியையும் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு எங்கள் கடைப் பக்கம் வரவில்லை. நாங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டது இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு ஜனாஸா வீட்டில். அவர் கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

கடனும் அமானிதம், ஓட்டும் அமானிதம். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கேட்கக் கூடாது.

ஐம்பது ஆண்டு கண்ட நம் சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள். யாருக்கு ஓட்டு என்பதை நம் மேடையில் சொல்ல வேண்டாம். மாதக் கடைசியில் திணறும் குடும்பங்களுக்கு, எந்தச் சமூகமானாலும், வட்டியில்லாத அழகிய கடன் நிதி ஒன்று தொடங்குவோம். முதல் தொகையாக, அந்த 180 வெள்ளியை எங்கள் கடையிலிருந்து இன்றே தருகிறோம்.