அரிசிப் பானையும் ஆலைச் சங்கும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த உடல்நலக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் கூட்டத்தில் சாமியார் சோற்றைப் பற்றியும் கீரையைப் பற்றியும் பேச வந்துவிட்டாரே என்று சிலர் வியப்படையலாம். மருத்துவம் படித்தவனல்ல நான்; குருமடத்தில் படித்தவன். ஆனால் நோயுற்றோரைச் சந்திக்க வீடு வீடாய்ச் செல்கிறவன். முன்பெல்லாம் நோயில்பூசுதலுக்கு அழைத்தார்கள் என்றால், கட்டிலில் கிடப்பவர் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவராக இருப்பார். இன்று நாற்பத்தைந்து வயது ஆலைத் தொழிலாளி பக்கவாதத்தில் விழுந்து கிடக்கிறார். அருகில் பள்ளிச் சீருடையோடு பிள்ளைகள் நிற்கிறார்கள். காலில் ஆறாத புண்ணோடு ஒருவர், சிறுநீரகம் பழுதுபட்டு வாரம் இருமுறை சென்னைக்குப் போய்வரும் ஒருவர் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றுள் பல, வருமுன் காத்திருக்கக் கூடியவை என்று மருத்துவர்கள் சொல்லும்போது, நாம் வாளாவிருப்பது முறையாகுமா?

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அதில் பச்சிலையின் பெயரோ, சூரணத்தின் பெயரோ கிடையாது. உண்டது செரித்ததை அறிந்து உண், அளவறிந்து உண், உடலுக்கு ஒவ்வாததை விலக்கு என்றுதான் அவர் பெரும்பாலும் பேசுகிறார். விவிலியத்திலும், அரசனின் விருந்தை மறுத்துக் காய்கறியும் நீரும் உண்ட தானியேலும் அவர் தோழர்களும் பத்து நாளில் மற்றவர்களைவிடப் பொலிவுடன் இருந்தனர் என்று காண்கிறோம். பெரியோர் சொன்ன இதை விஞ்ஞானம் எப்படி மெய்ப்பித்தது என்பதற்கு இரண்டு வரலாறுகளைக் கூறுகிறேன்.

முதலாவது, ஜாவாத் தீவில் நடந்தது. 1890-களில் அங்கே பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரை முடக்கியது. கால் மரத்து, நடை தளர்ந்து, இதயம் வீங்கி மக்கள் மாண்டனர். கிருமியே காரணம் என்று தேடிக்கொண்டிருந்தார் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகளும் அதே போலக் கால் தளர்ந்து விழுந்தன. பின்பு தாமாகவே குணமாயின. விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. கோழிகளுக்கு மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய, நன்றாகத் தீட்டிய வெள்ளைச் சோற்றைப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர், 'இராணுவத்து அரிசியைக் கோழிக்குத் தரமாட்டேன்' என்று மறுத்துவிட, தீட்டாத அரிசி போடப்பட்டது. கோழிகள் பிழைத்தன! தவிட்டோடு நாம் தள்ளிவிடும் ஒரு சத்தில் உயிர் இருந்தது. அதைத்தான் இன்று வைட்டமின் பி-1 என்கிறோம். ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது, நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. 1918-இல் நீலகிரி மாவட்டம் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில், ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. மக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பருப்பு, காய்கறி, பால் என்று பஞ்சாப் மக்களின் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியைக் குவித்து, காயும் பருப்பும் பாலும் கொஞ்சமாக வைத்த நம் பக்கத்து உணவைத் தின்ற எலிகள் மெலிந்து நோயில் விழுந்தன.

இதைக் கேட்டு, அரிசியே கெட்டது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். பெரிபெரி இந்தியாவில் எங்கே அதிகம் வேரூன்றியிருந்தது தெரியுமா? நமக்கு வடக்கே, பச்சரிசி உண்ணும் ஆந்திரக் கடலோர மாவட்டங்களில். புழுங்கலரிசி உண்ட தமிழர்களிடையே அது மிக அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் உள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. இன்று செங்குன்றத்து அரிசி ஆலைகளின் வழியே போகும்போது மூக்கில் ஏறுகிறதே அவித்த நெல்லின் வாசனை, அது நம் பாட்டனார்களைக் காத்த வாசனை! அந்தச் சத்து நீரில் கரையக்கூடியது. ஆகவே, தாய்மார்கள் அரிசியை ஐந்தாறு முறை தேய்த்துக் கழுவ வேண்டியதில்லை. இரண்டு முறை போதும்.

ஆனால் அன்பர்களே, பாட்டனார் காலத்து நோய் வேறு, நம் காலத்து நோய் வேறு. அன்று சத்துக் குறைவு மட்டும். இன்று ஒரே வீட்டில் குறைவும் மிகையும் சேர்ந்து குடியிருக்கின்றன. தகப்பனுக்குச் சர்க்கரை நோய், மகளுக்கு இரத்தசோகை. 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் அதிகம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. இதற்கு நாம் என்ன செய்யலாம்? ஐந்து காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, தட்டின் கணக்கு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நடுத்தர அளவு உணவு தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்கு அரிசி, கோதுமை, கேழ்வரகு எல்லாம் சேர்த்து 250 கிராம் போதும். காய்கறியும் கீரையும் 400 கிராம், பருப்பு வகை 85 கிராம் வேண்டும். நம் தட்டிலோ கணக்கு தலைகீழாக இருக்கிறது: சோறு மலைபோல், பொரியல் ஊறுகாய்போல்! உலை முன்னே நிற்கிறவர்க்கும் மூட்டை தூக்குகிறவர்க்கும் சோறு கூடுதலாக வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அவர் காய்கறியும் பருப்பும் அதற்கேற்ப ஏற வேண்டும். உட்கார்ந்து வேலை செய்கிறவர், மூட்டை தூக்குகிறவரின் அளவைச் சாப்பிடுவது அறவே கூடாது.

இரண்டாவது, விலை மலிந்த சத்து. சத்துணவு என்றதும் டப்பாவில் அடைத்த மாவை நினைக்கிறோம். நம் கொல்லையில் நிற்கும் முருங்கை எதற்கு? ஊத்துக்கோட்டைப் பக்கத்து வேர்க்கடலை எதற்கு? பழவேற்காட்டிலிருந்து வரும் சின்ன மீன்கள் எதற்கு? ஆடி மாதத்தில் மட்டும் நினைவுக்கு வரும் கேழ்வரகுக் கூழ், சுண்ணாம்புச் சத்தில் அரிசியைவிடப் பல மடங்கு உயர்ந்தது. ரேஷன் கடையில் கிடைக்கும் பருப்பை விற்காமல் வீட்டிலே வேகவையுங்கள். நம்மிடையே வேலை செய்ய வந்திருக்கும் பீகார் சகோதரர்களைப் பாருங்கள். வறுத்த கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, வெங்காயமும் எலுமிச்சையும் உப்பும் சேர்த்துக் குடித்துவிட்டு வெயிலில் உழைக்கிறார்கள். அவர்களிடம் நாம் கற்கவேண்டியதும் உண்டு.

மூன்றாவது, உப்பும் எண்ணெயும். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது. கணக்குப் போடுங்கள்: நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோப் பொட்டலம் மாதக் கடைசிக்குள் தீர்ந்துவிடுகிறது என்றால், இரத்தக் கொதிப்புக்கு நாமே அழைப்பிதழ் அனுப்புகிறோம் என்று பொருள். இதில் கருவாடு, அப்பளம், ஊறுகாய், கடைத் தின்பண்டம் ஆகியவற்றின் உப்பு வேறு சேரவில்லை. எண்ணெய் நான்கு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர் போதும். வியர்வை ஆறாய் ஓடும் உருக்காலைத் தொழிலாளிக்கு நீரும் உப்பும் வெளியேறுகின்றன, உண்மை. அவர் அடிக்கடி தண்ணீரும், இடையிடையே நீர்மோரும் குடிக்கட்டும். கொதிப்பு உள்ளவர் மட்டும் மோரில் உப்பிடுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

நான்காவது, தேநீர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் ஆலைச் சங்கு ஊதினால் கூட்டம் போய் நிற்பது டீக்கடையில்தான். ஒரு டீக்கு இரண்டு கரண்டி, அதாவது சுமார் 10 கிராம் சர்க்கரை. இரவு ஷிப்டில் ஆறு டீ குடித்தால் 60 கிராம். மாதத்திற்கு ஏறத்தாழ இரண்டு கிலோ! நாளொன்றுக்கு 50 கிராமுக்கு மேல் வேண்டாம், 25-க்குள் இருந்தால் இன்னும் நன்று என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயை விடச் சொல்லவில்லை. பாதியாய்க் குறையுங்கள், சர்க்கரையையும் பாதியாய்க் குறையுங்கள். சாப்பாட்டோடு டீ வேண்டாம். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தவிர்த்தால், உணவில் உள்ள இரும்புச் சத்து உடலில் சேரும். கீரையோடு ஓர் எலுமிச்சை மூடி பிழிந்துகொண்டால் அது இன்னும் நன்றாகச் சேரும். இரவு ஷிப்டுக்காரர்களே, நள்ளிரவில் பரோட்டாவும் சால்னாவும் வயிற்றில் இறக்காதீர்கள். வீட்டிலேயே எட்டு மணிக்கு உண்டுவிட்டுப் புறப்படுங்கள். இடையில் பசித்தால் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ, சுண்டலோ, வாழைப்பழமோ போதும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் இரவு வேலைக்கான நேரக் கணக்கை மருத்துவரிடம் கேட்டே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துகிறேன். நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? தாய். கணவனுக்கு முட்டை, மகனுக்கு மீன் துண்டு, தனக்குச் சட்டியில் ஒட்டிய குழம்பு! அவளுக்குக் களைப்பு, மூச்சிரைப்பு, தலைசுற்றல் என்றால் 'வயசாகுது' என்கிறோம். வயது அல்ல, இரத்தம் இல்லை. அவளைப் பார்த்து வளரும் மகளும் அதே பழக்கத்தைப் பழகுகிறாள். அந்த மகள் கருவுறும்போது, பிறக்கும் குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. தியாகம் என்று நாம் புகழ்வது, இப்படித் தலைமுறை தலைமுறையாய் நோயை ஒப்படைப்பதாக முடிகிறது. தந்தையரே, இன்றிரவு ஒரே நேரத்தில் எல்லோரும் பாயில் உட்காருங்கள். முட்டை மூன்றுதான் என்றால் நாலாகப் பங்கிடுங்கள். அதுதான் நீங்கள் வீட்டில் நடத்தும் அப்பம் பிட்குதல்.

தமிழகத்தில் அரசுகளும் இதை உணர்ந்தே நடந்திருக்கின்றன. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 2022-இல் மு.க. ஸ்டாலின் ஆட்சியில் காலை உணவு என்று பள்ளிப் பிள்ளைகளின் தட்டு நிறைந்து வந்திருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் வைக்க வழி செய்தது. கேன்டீன் இருந்தால் மட்டும் போதாது. அங்கே தினம் ஒரு கீரையோ சுண்டலோ கிடைக்க வேண்டும் என்று தொழிற்சங்க நண்பர்கள் கேட்கலாமே. போனசுக்குக் குரல் கொடுப்பதுபோல் பொரியலுக்கும் குரல் கொடுங்கள்! தமிழ்த் தொழிலாளிக்கு மட்டுமல்ல, ஒரே அறையில் பத்துப் பேராய்த் தங்கிச் சமைக்க நேரமின்றி வாடும் ஒடிசா, பீகார் தோழர்களுக்கும் அது பயன்படும்.

ஓர் எச்சரிக்கை. உணவு நோயைத் தடுக்கும், தணிக்கும். ஆனால் மருத்துவர் எழுதிய மாத்திரையைத் தூக்கியெறிய அது அனுமதிச் சீட்டு அல்ல. முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்களும் வளரும் பெண்பிள்ளைகளும் இரத்தத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொன்விழா நினைவாகப் பங்கு மக்களிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இயலும் வீடுகளில் எல்லாம் ஒரு முருங்கைக் கொம்பு நடுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் அரிசிப் பையோடு ஒரு கிலோ பருப்பும் சேர்க்கட்டும். திருவிழா அசனத்தில் பிரியாணி இருக்கட்டும். பக்கத்தில் தட்டு நிறையக் காயும் இருக்கட்டும். இந்தக் கோவிலைக் கட்டியவர்கள் கூழ் குடித்துக் கல் சுமந்தவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் அடுத்த விழாவையும் தங்கள் கால்களாலேயே நடந்து வந்து கொண்டாட வேண்டும் என்பதே என் ஆசை.

இறைவன் உங்கள் இல்லங்களையும் அடுப்புகளையும் ஆசீர்வதிப்பாராக.