அடக்கமே உடலுக்கும் அரண்

(நமது சங்கத்தின் திருவாமாத்தூர்க் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இவ்வூர்ப் பம்பையாற்றை அறியாதார் இவ்வவையில் இலர். கரைக்குள் ஓடும் நீர் பயிர்க்கு உயிராவது. கரை மீறிய நீர் அப்பயிரையே அழிப்பது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில், பெஞ்சல் புயலின்போது, நம் விழுப்புரம் மாவட்டத்தார் இவ்வுண்மையைக் கண்ணீருடன் கண்டனர். நம் உடலினுள்ளும் இத்தகைய வெள்ளமும் கரையும் உள. அவற்றைக் குறித்தே இன்று சில கூற விழைகின்றேன்.

காலில் முள் தைக்கின்றது. அவ்விடம் சிவந்து, வீங்கி, வெம்மையுற்று வலிக்கின்றது. இதனை அழற்சி என்பர். கிருமி புகுந்த இடத்திற்கு இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் விரைந்து சென்று போரிடுவதன் அடையாளம் இது. ஒருவரும் கற்பியாமலே பிறப்பொடு வந்த காவற்படை அது. அப்படையின் கருவிகளுள் ஒன்று எலாஸ்டேஸ் என்னும் நொதி. புரதத்தை அறுப்பது அதன் தொழில். கிருமியின் புரதத்தையும் அறுக்கும். நம் நுரையீரலின் மெல்லிய இழைகளையும் அறுக்கும். தன்னவர், பிறர் என்னும் வேற்றுமை கருவிக்கு ஏது?

ஆதலின், அவ்வாற்றலை எல்லைக்குள் நிறுத்த நொதியடக்கிகளை உடலே ஆக்கிக்கொள்கின்றது. அவற்றுட் சிறந்த ஒன்று ஆல்பா-1 ஆன்டிடிரிப்சின். கல்லீரலிற் பிறந்து, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, மிகுந்த எலாஸ்டேஸைப் பற்றிச் செயலறச் செய்வது அது. 1963-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லாரெல், எரிக்சன் என்னும் இருவர், இவ்வடக்கி பிறவியிலேயே மிகக் குறைந்தவர்களைக் கண்டு வெளியிட்டனர். அவருட் சிலர் இளமையிலேயே நுரையீரல் சிதைந்து மூச்சுக்கு வருந்தினர். இதனை நிறைவாகப் பெற்றாரும் கெடுத்துக்கொள்ளும் வழி ஒன்றுண்டு, அது புகைபிடித்தல். புகையானது வெள்ளணுக்களை நுரையீரலிற் குவிக்கின்றது. அடக்கியையும் வலியிழக்கச் செய்கின்றது. வெள்ளத்தைப் பெருக்கிக் கரையையும் வெட்டுவாரை என்னென்பது!

இனி, நம் தென்னாட்டுக்கு நெருங்கிய செய்தி ஒன்று. இத்தலத்தைப் பாடிய அப்பரடிகள் சூலைநோயால் வருந்தியமை பெரியபுராணத்தால் யாவரும் அறிவர். அது எவ்வுறுப்பின் நோயென்று கூற யான் துணியேன். ஆயினும், வயிற்றுவலி எதனையும் சூலை என்றும் வாயு என்றும் சொல்லி வாளாவிருக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. என் தம்பி பதினாறு வயதில், மேல்வயிற்றில் எழுந்து முதுகிற் பாயும் வலியால் துடித்தான். ஓமமும் பெருங்காயமும் கொடுத்தோம். "பரீட்சைக்கு அஞ்சி நடிக்கின்றாய்" என்று யானே கடிந்தேன். ஈராண்டு சென்றபின் மருத்துவர் சோதித்தபோது கணையத்திற் கற்கள் இருந்தன, நீரிழிவும் தொடங்கியிருந்தது.

கணையம், டிரிப்சின் என்னும் நொதியின் முன்வடிவை ஆக்கிக் குடலுக்கு அனுப்புவது. குடலை அடையுமுன் அது விழித்துக்கொண்டால் கணையத்தையே செரிக்கத் தொடங்கும்; அழற்சி மூளும். அதனைத் தடுக்கக் கணையத்தினுள்ளேயே ஸ்பிங்க்-1 என்னும் அடக்கி அமைந்துள்ளது. கற்கள் விளைந்து நீரிழிவில் முடியும் இவ்வெப்பநாட்டுக் கணையநோய் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பலரை வாட்டியுள்ளது. 2002-ஆம் ஆண்டில், ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர், இந்நோயாளர் பலரிடம் ஸ்பிங்க்-1 அடக்கியின் மரபுக்குறிப்பில் மாற்றம் இருத்தலை வெளியிட்டனர். அம்மாற்றம் உடையார் அனைவர்க்கும் நோய் வருமென்பதில்லை; பிற காரணங்களும் கூடவேண்டும். மதுவும் புகையும் கணையத்திற்குப் பகை என்பதோ தெளிவு.

என் தம்பி இன்று உணவுடன் நொதி மருந்தும், நாள்தோறும் இன்சுலினும் கொண்டு தன் தொழிலைச் செய்து வாழ்கின்றான். அன்று யான் கூறிய கடுஞ்சொல்லை மீட்க இயலவில்லை.

சங்கத்து அன்பர்காள்! ஆற்றல் உடைமை மட்டும் நலமன்று. ஆற்றலை அடக்கும் ஆற்றலும் உடன் வேண்டுமென்பதை நம் உடலே கற்பிக்கின்றது. இளைஞர்கள் புகையையும் மதுவையும் விலக்குக. பெற்றோர்களோ, பிள்ளை மீண்டும் மீண்டும் வயிறு வலிக்கின்றது என்றால் முதலில் நம்புக. பின்பு காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் கொண்டுசெல்க. இவ்வொன்றையே உங்கள்பால் வேண்டி அமைகின்றேன்.