உவர்நீருக்கு எந்தப் பம்பு?

கடலோர ஊர்களில் போர் போட்டு உப்புத் தண்ணீர் வந்தால், "எவர்சில்வர் பம்பு போடுங்கள், துருவே பிடிக்காது" என்பார்கள். இது பாதிதான் உண்மை. எவர்சில்வரைக் காப்பது, அதிலுள்ள குரோமியத்தால் மேற்பரப்பில் உண்டாகும் மெல்லிய ஆக்சைடு படலம். உப்பிலுள்ள குளோரைடு அதை ஆங்காங்கே உடைத்துவிடும். வெளியே பளபளப்பு மாறாது; உள்ளே ஊசித்துளை இறங்கிக்கொண்டே போகும். பரவலாகக் கிடைக்கும் 304 ரகத்துக்கு லிட்டருக்குச் சுமார் 200 மில்லிகிராம் குளோரைடு, 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316-க்குச் சுமார் 1,000 தாங்கும் எல்லை என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. கடல்நீரில் இருப்பதோ ஏறக்குறைய 19,000. அங்கே 316-ம் தோற்றுவிடும். சூப்பர் டூப்ளெக்ஸ் போன்ற எஃகுதான் தாங்கும்.

விலை கூடுமே என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் முதலில் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும்; குளோரைடு குறைவென்றால் 304 போதும், வீண் செலவு மிச்சம். மிகுதியென்றால், ஓட்டை விழுந்த பம்பைப் போரிலிருந்து தூக்கி மாற்றும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பெயின்ட் அடித்தால் போதாதா? அது கீறிய இடத்தில் அரிப்பு குவியும். பித்தளையிலோ துத்தநாகம் கரைந்து உலோகம் பொலபொலத்துவிடும். வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் பரவாயில்லை. பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் பிளாஸ்டிக்காக இருந்தால் குறையல்ல, உப்பு அதை அரிக்காது. தேங்கிய நீரில் அரிப்பு கூடும் என்பதால், பம்பை மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்டுவைக்கக் கூடாது. கடையில் காந்தம் வைத்துப் பார்ப்பதும் பயன்படாது; 304, 316 இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ரகத்தின் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.